வியாழக்கிழமை பதிஞ்ச ரிப்போட்

மகன்,

ஸலாம். இதை ஒபிஸில வச்சுத் திறக்காதே. வீட்டுக்குப் போ, ஒரு கதிரைய இழுத்துப் போட்டு இரு, மருமகளையும் பக்கத்துல வச்சுக்கொள். உன்ட வாப்பா ரெண்டு வரிக்கு மேல எழுதின ஆள் இல்ல என்டு உனக்குத் தெரியும். வாட்ஸ்அப்புல "சரி", "சாப்பிட்டியா", "இங்க மழை", அவ்வளவுதான் நான். வொய்ஸில சொல்லிப் பார்ப்போம் என்டு மூனு தரம் பேசினேன், மூனு தரமும் கேட்டுட்டு அழிச்சேன். என்ட குரல் எனக்கே பொய்க்காரன்ட குரல் மாதிரி இருந்திச்சு. அதால பேப்பரும் பேனையும் எடுத்துக்கிட்டு, உம்மாட அலுமாரிக்குப் பக்கத்துல இருக்கிற மேசையில, பட்டப் பகல்ல இருந்து எழுதுறேன். இன்டைக்கு முடிக்காட்டி நான் இத எழுதவே மாட்டேன்.

பத்து நாளைக்கு முன்னுக்கு நீ கோலாலம்பூரிலிருந்து கோல் எடுத்தாய். எவ்வளவு சந்தோஷமாப் பேசினாய். பெரிய ஆஸ்பத்திரி ஒன்டுக்கு ரிப்போட் சிஸ்டம் எழுதக் கிடைச்சிருக்கு என்டு சொன்னாய். "வாப்பா, கண்டியில அந்த மெடிக்கல் சென்டருக்கு நீங்க எழுதின சிஸ்டம் உங்கட லெப்டொப்பில கிடக்குதா? டேட்டாபேஸ நீங்க கட்டியிருந்த விதம் நல்ல சுத்தம். ஹிஸ்ட்ரியோட அப்படியே அனுப்புங்க, ஒவ்வொரு மாற்றமும் ஏன் செஞ்சீங்க என்டு பார்க்கணும்" என்டாய். இன்னொன்டும் சொன்னாய்: "அதுக்குப் பிறகு நீங்க எழுதின எல்லாத்துலயும் ஸ்கிரீன்ட அடியில எந்த டேட்டாபேஸ் என்டு சின்ன எழுத்துல வருமே, நல்ல ஐடியா வாப்பா, நானும் போடப் போறேன்." நான் நாளைக்கு அனுப்புறேன் என்டேன். பிறகு வைபை இல்ல என்டேன். பிறகு லெப்டொப் சூடாகுது என்டேன். எல்லாம் பொய், மகன். லெப்டொப்புக்கு ஒரு குறையும் இல்ல.

நீ போனை வச்சதும் நான் அதத் திறந்தேன். அஞ்சு வருஷமாத் திறக்காத சாமான். ஹிஸ்ட்ரி என்டால் என்ன என்டு மருமகளுக்குச் சொல்லு: எந்த வரிய யார், எப்ப, ஏன் மாத்தினது என்டு அது பிடிச்சு வச்சிருக்கும். அதுல ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஒரு மாற்றம் இருக்கு. சனிக்கிழமை காலையில அதே வரி திரும்பவும் பழைய மாதிரி. ரெண்டுக்கும் நேரா என்ட பேர். சனிக்கிழமைக்குக் காரணம் என்டு நான் எழுதியிருந்தது ரெண்டே ரெண்டு சொல்: "சின்னத் திருத்தம்." அந்த ரெண்டையும் இருந்த இடம் தெரியாம எடுத்துப் போட எனக்குத் தெரியும், அரை மணித்தியால வேலை. செய்யத்தான் இருந்தேன். கீபோர்டில கைய வச்சிட்டுத்தான் எடுத்தேன். நான் நல்ல மனிசன் என்டதால இல்ல, பயத்துல. அழிச்சால் அதுக்குப் பிறகு இந்த விஷயம் என்ட நெஞ்சில மட்டும்தான் இருக்கும், அதோட தனிய இருக்க எனக்குத் தைரியம் இல்ல.

நீ தொழில்காரன், மற்ற விஷயமெல்லாம் உனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் மருமகள் டீச்சர், அவவுக்கும் விளங்கணும். அதால ரீட்டா மிஸ்ஸுக்குச் சொன்ன மாதிரியே சொல்றேன். ரீட்டா மிஸ் யாரென்டு நீ மறந்திருக்க மாட்டாய். அந்த மெடிக்கல் சென்டரில, லெப்பிலருந்து வர்ற ரிப்போட்டுகள கம்பியூட்டரில பதியிற வேலை செஞ்ச மனிசி. "என்ட உம்மாவக் கொன்னது நீதான்" என்டு நீ யாரப் பார்த்துக் கத்தினியோ, அவங்க.

நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து கையக் கழுவிட்டு இருந்தால், உம்மா சோத்துப் பீங்கானக் கொண்டுவந்து முன்னுக்கு வைப்பா. அரிசி எங்க வாங்கினது, கறி எப்ப ஆக்கினது, ஒன்டும் நீ கேட்டதில்ல. பசிக்குது என்டு சொன்னாப் போதும், வந்திரும். நாங்க எழுதுற புரோகிராமும் அப்படித்தான். அதுக்குள்ள ஒரு வரிதான் எழுதுவோம்: எனக்கு ஒரு டேட்டாபேஸ் வேணும், அதுட பேர் இது. எந்த மெஷினில இருக்கு, எப்பத் திறக்கிறது, எப்ப மூடுறது, எதுவும் புரோகிராம் தெரிஞ்சு வச்சிருக்கத் தேவையில்ல. சேர்வரில கன்டெய்னர் என்டு ஒன்டு ஓடிக்கிட்டு இருக்கும். அது எழும்பும்போது அந்தப் பேர வாசிச்சு, இன்னொரு பைலில அந்தப் பேருக்கு நேரா எந்த டேட்டாபேஸ் எழுதியிருக்கோ அதக் கொண்டுவந்து புரோகிராம்ட கையில வைக்கும். டிபென்டன்சி இன்ஜெக்ஷன் என்டு எங்கட ஆக்கள் இதுக்குப் பெரிய பேர் வச்சிருக்காங்க. எனக்கு இந்த முறையில அப்படி ஒரு மயக்கம் இருந்திச்சு. புதுசா வேலைக்கு வர்ற எல்லாரையும் பிடிச்சு வச்சு, "பாருங்க, புரோகிராமுக்கு ஒரு கவலையும் இல்ல" என்டு சொல்லிச் சிரிப்பேன். கவலை இல்லாததுதான், ஓம். கன்டெய்னர் எதக் குடுத்தாலும் அது வாங்கிக்கொள்ளும். பேர் சரியா இருந்தால் அதுக்குப் போதும்.

மெடிக்கல் சென்டருக்கு ரெண்டு டேட்டாபேஸ் இருந்திச்சு. ஒன்டு உண்மையானது. மற்றது பயிற்சிக்கு: புதுசா வேலைக்கு வர்றவங்க இல்லாத நோயாளிகள்ட பேரப் போட்டுப் பழகுறதுக்கு. பயிற்சி டேட்டாபேஸ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் தானாத் துடைச்சுச் சுத்தமாக்க நான்தான் ஒழுங்கு செஞ்சு வச்சிருந்தேன். லெப் ரிப்போட்டுக்கு மட்டும் தனிப் பேர் ஒன்டு குடுத்திருந்தேன், பிற்காலத்துல வேற மெஷினுக்கு மாத்தச் சுகம் என்டு. பெரிய மூளைசாலி நான். அந்த வியாழக்கிழமை, ரிப்போட் பதியிற புதுப் பக்கத்தப் பயிற்சி டேட்டாபேஸோட வச்சுச் சரிபார்க்க, சேர்வரில இருந்த பைலில அந்தப் பேருக்கு நேரா இருந்த ஒரு வரிய மாத்தி, சேர்வரத் திரும்ப எழுப்பினேன். அரை மணித்தியாலத்துல திருப்பிப் போட இருந்தேன். மறந்து போனேன். ஏன் மறந்தேன் என்டு அஞ்சு வருஷமா யோசிக்கிறேன், மகன். ஒரு சண்டை, ஒரு கோல், ஒரு தலையிடி, ஏதாவது இருந்திச்சா என்டு. ஒன்டும் இல்ல. பிளேன்டி குடிச்சேன், வேற வேலை பார்த்தேன், குட்ஸ் ஷெட் பஸ் ஸ்டேண்டுக்கு நடந்து போய் திகன பஸ்ஸில ஏறினேன். ஜன்னல் பக்கம் சீட்டும் கிடைச்சிச்சு. சும்மா மறந்தேன்.

அந்த ஒன்டரை நாளும் ரீட்டா மிஸ் பதிஞ்ச ரிப்போட் எல்லாம் பயிற்சி டேட்டாபேஸுக்குத்தான் போச்சு. அவங்கட ஸ்கிரீனில ஒரு வித்தியாசமும் இல்ல. நோயாளிட பேர் சரியா வந்திச்சு, ஏனென்டால் பேர் இருக்கிறது உண்மையான டேட்டாபேஸில. ரிப்போட்டப் போட்டு பட்டனத் தட்டினால் பச்சை எழுத்துல "பதியப்பட்டது" என்டு வந்திச்சு. அதுவும் உண்மைதான், பதிஞ்சது, எங்க என்டதுதான் கேள்வி. வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆவுக்குப் போயிட்டு வீட்ட இருந்தேன். பின்னேரம் பயிற்சி டேட்டாபேஸ் தன்ட நேரத்துக்குத் தன்னைத் துடைச்சிச்சு. நான் எழுதினது ஒன்டும் பிழை விடல்ல, எல்லாம் சொன்னபடியே வேலை செஞ்சிச்சு.

சனிக்கிழமை காலையில பைலத் திறந்தேன், கண்டேன். இப்ப நான் சொல்லப் போறதத்தான் நீ கவனமா வாசிக்கணும், ஏனென்டால் மறதிய அல்லாஹ் மன்னிப்பான், இத மன்னிப்பானா என்டு எனக்குத் தெரியல்ல. அந்த நேரம் நான் ஒரு கோல் எடுத்திருந்தால் போதும். "மிஸ், வியாழன் பகலுக்குப் பிறகு பதிஞ்சதெல்லாம் திரும்பப் பதியுங்க, என்ட பிழை" என்டு ஒரு வசனம். பேப்பர் ரிப்போட்டெல்லாம் அவங்கட கதிரைக்குப் பின்னால ஒரு சாக்குல கிடந்திச்சு, மாசம் முடியத்தான் அத எறிவாங்க. ஒரு காலையில பதிஞ்சு முடிச்சிருப்பாங்க. நான் எடுக்கல்ல. மெனேஜர் ஏசுவார் என்டு வெட்கம். இத்தனை வருஷம் மற்றவங்களுக்குப் படிப்பிச்ச நான் இப்படிப் பிழை விட்டேன் என்டு தெரியவந்தால் ஒபிஸ் பொடியன்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க என்டு வெட்கம். ஒன்டரை நாள்தானே, யாருக்கு ரிப்போட் இல்லையோ அவங்க வந்து கேப்பாங்க, அப்ப லெப்புல திரும்ப அடிச்சுக் குடுப்பாங்க என்டு எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். வரியத் திருப்பிப் போட்டேன். சேர்வர நிப்பாட்டித் திரும்ப எழுப்பினேன். "சின்னத் திருத்தம்" என்டு எழுதினேன். பிறகு கீழ இறங்கிப் போய் ரோல்ஸ் தின்டேன், மகன். அதுவும் ஞாபகம் இருக்கு.

நான் நினைச்ச மாதிரியே அந்தக் கிழமை சில பேர் வந்து கேட்டாங்களாம், அவங்களுக்கு ரிப்போட் கிடைச்சிச்சு. கேக்காதவங்களுக்குக் கிடைக்கல்ல.

உம்மாட கழுத்துல இருந்த அந்தக் கட்டியில ஊசி குத்திச் சாம்பிள் எடுத்து லெப்புக்குக் குடுத்தது அந்த வியாழனுக்கு முந்தின திங்கக்கிழமை. எனக்குத் தெரியும், நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். ஆனால் சனிக்கிழமை காலையில அந்த வரிய மாத்தும்போது என்ட மனிசிட ரிப்போட்டும் அதுக்குள்ள இருக்கலாம் என்டு ஒரு செக்கன்ட் கூட என்ட மண்டையில ஓடல்ல. வல்லாஹி ஓடல்ல. எனக்கு அது டேட்டா. அதுக்குள்ள இருக்கிறது மனிசர்ட கழுத்து, மனிசர்ட ரத்தம் என்டு நான் அந்த நேரம் நினைச்சதே இல்ல.

உம்மாட கொப்பி உனக்கு ஞாபகம் இருக்கும். போன் நம்பர், கல்யாண நாள், கேஸ் சிலிண்டர் மாத்தின திகதி, எல்லாம் அதுலதான். நான் போனில போட்டுத் தாறேன் என்டால், "உங்கட சிஸ்டத்த விட என்ட கொப்பிக்கு ஞாபக சக்தி கூட" என்டு நக்கல் அடிப்பா. நம்பருக்குப் பக்கத்துல ஆள்ட குணமும் எழுதுவா. "மீன்காரர், காலையில மட்டும்." "வாப்பாட ஒபிஸ், எடுக்க மாட்டார்." லெப்புக்குக் குடுத்து ஒரு கிழமைக்குப் பிறகு, அந்தக் கொப்பிய மடியில வச்சுக்கிட்டு, "ரிப்போட் கேட்டுட்டு வரட்டா? இங்க எழுதி வச்சிருக்கேன்" என்டா. நான் டிவியில கிரிக்கட் மெட்ச் பார்த்துக்கிட்டு இருந்தேன், பல்லேகலயில விளையாட்டு. திரும்பியும் பார்க்காம, "அதெல்லாம் சிஸ்டத்துல வந்திரும். நோய் இருக்கு என்டு வர்ற ரிப்போட்டெல்லாம் தனி லிஸ்டா வரும், அதப் பார்த்து அவங்களே கோல் எடுப்பாங்க. கோல் வரல்ல என்டால் ஒன்டும் இல்ல என்டு அர்த்தம். நான்தானே எழுதினேன்" என்டேன். உம்மா என்ட சேட் பொக்கட்டிலருந்து பேனைய எடுத்து, "ரிப்போட் கேக்கணும்" என்ட வரியக் கோடு போட்டு வெட்டினா. "உங்கட சிஸ்டத்த நம்புறேன் போங்க" என்டு சிரிச்சுக்கிட்டு பேனையத் திரும்ப வச்சா. அந்த லிஸ்ட் பார்க்கிறது உண்மையான டேட்டாபேஸ. உம்மாட ரிப்போட் அதுல இல்ல. யாரும் கோல் எடுக்கல்ல.

எட்டு மாசத்துக்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். குரல் அடைச்சு, தொண்டையில தண்ணி இறங்காமப் போன பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டொக்டர் படத்தப் பார்த்துட்டு, "இதுக்கு முன்னுக்கு எடுத்த ரிப்போட் எங்க?" என்டார். நீ கெம்பஸிலருந்து ஓடி வந்தாய். நாம ரெண்டு பேரும் மெடிக்கல் சென்டருக்குப் போனோம். லெப்புட புத்தகத்துல இருந்திச்சு: ரிப்போட் குடுக்கப்பட்டது, வியாழக்கிழமை, வாங்கினது ரீட்டா, கையெழுத்து. கம்பியூட்டரில ஒன்டும் இல்ல. மெனேஜர், "மிஸ் வாங்கியிருக்காங்க, பதிய மறந்திருக்காங்க" என்டார். வியாழக்கிழமை என்டு கேட்ட உடன எனக்குத் திகதி விளங்கிட்டு. அந்த இடத்துலயே விளங்கிட்டு. நான் சுவரப் பிடிச்சுக்கிட்டு நின்டேன். நான் உம்மாட நோய நினைச்சு நிக்கிறேன் என்டு நீ நினைச்சிருப்பாய்.

அப்ப நீ கவுன்டருக்கு முன்னுக்குப் போய்க் கத்தினாய். உனக்கு இருபத்திரெண்டு வயசு, உன்ட உம்மா சாகக் கிடக்கிறா, உன்னில நான் ஒரு பிழையும் சொல்ல மாட்டேன். நோயாளிகள் வரிசையில நின்டு பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "ஒரு பேப்பரப் பார்த்துப் பதிய ஏலாத உனக்கு என்ன வேலை? என்ட உம்மாவக் கொன்னது நீதான்" என்டாய். ரீட்டா மிஸ் எழும்பி நின்டு, ரெண்டு கையையும் மேசையில வச்சுக்கிட்டு, "நான் பதிஞ்சிருப்பேன் தம்பி, நான் பதிஞ்சிருப்பேன்" என்டு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. பிறகு என்னைப் பார்த்தாங்க. சார் கம்பியூட்டர் தெரிஞ்சவர், சார் ஏதாவது சொல்லுவார் என்டு பார்த்தாங்க. நான் உன்ட கையப் பிடிச்சு, "வா மகன், அல்லாஹ்ட நாட்டம்" என்டேன். அல்லாஹ்ட பேருக்குப் பின்னால ஒளிஞ்சேன். அந்தக் கிழமையே அவங்கள வேலையால நிப்பாட்டினாங்க.

உம்மா அதுக்குப் பிறகு மூனு மாசம் இருந்தா. ஒரு நாள் கட்டில்ல சாய்ஞ்சு இருந்துக்கிட்டு என்னிட்ட மெதுவாக் கேட்டா, "உங்கட சிஸ்டத்துல இல்லையா?" என்டு. குரல் இல்ல, வாய் அசையிறதப் பார்த்துத்தான் விளங்கினேன். "இல்ல" என்டேன். என்னைப் பார்த்துட்டு, "அந்தப் புள்ளைய ஏசாதீங்க" என்டா. அவவுக்குத் தெரிஞ்சிருந்ததா, தெரியாதா? எனக்கு அது தெரியாமலே நானும் மவுத்தாகப் போறேன். தெரிஞ்சுதான் மன்னிச்சா என்டு சில நாள் நினைப்பேன். அந்த நினைப்பு எனக்கு வசதியா இருக்கு என்டதாலயே அத நம்பப் பயம்.

அடுத்த வருஷம் உம்மாட பேரால உம்ராவுக்குப் போனேனே, ஞாபகமா? போறதுக்கு முன்னுக்கு ஊர் வழக்கப்படி வீடு வீடாப் போய்ப் பொருத்தம் கேட்டேன். தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை செஞ்சிருந்தால் பொருந்திக்கொள்ளுங்க என்டு. சாச்சாட வீடு, பள்ளிவாசல் ஆக்கள், எதிர்க்கடை முதலாளி, முப்பது வருஷமாப் பேசாமல் இருந்த மச்சான், எல்லார்ட வாசல்லயும் நின்டேன். எல்லாரும் "பொருந்திட்டோம்" என்டு கட்டிப் பிடிச்சாங்க, நானும் அழுதேன். ஒரே ஒரு வீட்டுக்குத்தான் போக வேண்டியிருந்திச்சு, அதுக்கு மட்டும் போகல்ல. ரீட்டா மிஸ் இருக்கிற அம்பிட்டிய எவ்வளவு தூரம்? கண்டியிலருந்து ஒரு பஸ். நான் மக்கா வரைக்கும் போனேன், அம்பிட்டியவுக்குப் போகல்ல.

நீ உன்ட வேலையப் பற்றி ஆக்களுக்குச் சொல்லும்போது உம்மாட கதைய வச்சுத்தான் தொடங்குவாய் என்டு மருமகள் சொன்னா. ஒரு மிஸ்ஸுட மறதியால என்ட உம்மா போனா, அதால மனிசர்ட கைய நம்பாத சிஸ்டம் எழுதுறேன் என்டு. போன கிழமை நீயும் சொன்னாய், அந்த ஆஸ்பத்திரியில பதியிற வேலைக்கு இருக்கிற மூனு பேரையும் எடுத்துரலாம், பிழையெல்லாம் வர்றது அங்கதான் என்டு. மகன், பிழை அங்க வரல்ல. நீ உன்ட தொழில முழுக்க என்ட பொய்க்கு மேல கட்டி வச்சிருக்கிறாய். நீ போட ஆசைப்படுற அந்தச் சின்ன எழுத்து, ஸ்கிரீன்ட அடியில எந்த டேட்டாபேஸ் என்டு காட்டுறது, அது ஐடியா இல்ல. உம்மாவ அடக்கிட்டு வந்து முதல் வேலையா நான் எழுதினது. பொடியன்கள் "சார், இது எதுக்கு?" என்டு கேப்பாங்க, நான் சும்மா என்டு சொல்லுவேன். நீ அதப் போடு. ஆனால் எதுக்கு என்டு தெரிஞ்சு போடு.

போன ஞாயிறு நான் அம்பிட்டியவுக்குப் போனேன். சேர்ச் விட்டு அப்பத்தான் வந்திருந்தாங்க. கதவத் திறந்து என்னைக் கண்டதும், "ஐயோ சார், வாங்க, உள்ளுக்கு வாங்க" என்டாங்க. நான் இருக்க முன்னுக்கே கேட்டது என்ன தெரியுமா? "தம்பி எப்படி இருக்காரு? கல்யாணம் முடிஞ்சிச்சுன்னு கேள்விப்பட்டேன்." இப்ப ஒரு புடவைக் கடையில துணி மடிச்சு வைக்கிற வேலை செய்றாங்களாம். கம்பியூட்டர் வேலை ரெண்டு இடத்துல கிடைச்சும் போகல்லயாம். "எழுதுற வேலையே வேணாம்னு விட்டுட்டேன் சார். எதையாவது விட்டுருவேன்னு பயம். வீட்டுலயும் கேஸ் அடுப்ப மூடினேனான்னு மூணு தடவ போய்ப் பாக்குறேன். புள்ளைங்க சிரிக்கிறாங்க."

நான் சொன்னேன். மேல உனக்கு எழுதின மாதிரி, ரெண்டு டேட்டாபேஸ், அந்த ஒரு வரி, வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை, எல்லாம். முடிஞ்ச பிறகு அவங்க தன்ட கையப் பார்த்தாங்க. பிறகு மெதுவா, என்னிட்ட இல்ல, தனக்குத் தானே சொன்ன மாதிரி, "அப்ப நான் பதிஞ்சேன்" என்டாங்க. நான் ஓம் என்டேன். "பதிஞ்சேன் சார். உங்க வீட்டம்மா பேரு ஸ்கிரீன்ல வந்திச்சு, பெருநாளைக்கு வட்டிலாப்பம் அனுப்புறவங்களாச்சேன்னு பேரப் பாத்துட்டு நெனச்சேன். பச்சையா வந்திச்சு. வீட்டுல சொன்னேன், யாரும் நம்பல. நான் தப்பிக்க எம்மனசே கட்டுன கதைன்னு பொறவு நானே நம்பல." அதுக்குப் பிறகுதான் கோபம் வந்திச்சு. மேசையில கையால அடிச்சாங்க. "அஞ்சு வருஷம் சார்! ஒரு கொலகாரின்னு நெனச்சுக்கிட்டு அஞ்சு வருஷம் பூசைக்குப் போயிருக்கேன். நீங்க அங்கதானே நின்னீங்க? பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க?"

பொருந்திக்கொள்ளுங்க மிஸ் என்டேன். "இப்ப ஏலாது சார்" என்டாங்க. அவ்வளவு நேர்மையா எனக்கு யாரும் பதில் சொன்னதில்ல. நான் எழும்பினேன். வாசல்ல வச்சுக் கேட்டாங்க, "தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?" இல்ல என்டேன். "அப்ப மொதல்ல அவருகிட்ட சொல்லுங்க. எனக்கு வேற ஒன்னும் வேணாம். அன்னைக்கு அத்தன பேரு முன்னால அவர் சொன்ன அந்த வார்த்தை இன்னும் காதுல கெடக்கு."

இதோட பென் டிரைவ் ஒன்டு வருது. சிஸ்டம் முழுக்க அதுல இருக்கு, ஹிஸ்ட்ரியோட, ஒரு எழுத்தும் அழிக்கல்ல. உம்மாட கொப்பியும் வச்சிருக்கேன். வெட்டின வரிய நீயே பாரு, அந்தப் பேனை என்னுடையது. என்னை மன்னிச்சுக்கொள் என்டு நான் எழுதப் போறதில்ல. உம்மாவத் திருப்பித் தர எனக்கு ஏலாது, அந்த எட்டு மாசத்தத் திருப்பித் தர ஏலாது, ரீட்டா மிஸ்ஸுட அஞ்சு வருஷத்தயும் ஏலாது. எனக்கு அறுபத்திமூனு வயசு, இனி இதுக்குள்ளதான் இருக்கணும். நீ என்னோட பேசாம விட்டால் நான் ஏன் என்டு கேக்க மாட்டேன்.

ஆனால் ஒரு வேலை இருக்கு, அது உன்னால மட்டும்தான் ஏலும். கொப்பிட கடைசிப் பக்கத்துல உம்மாட கையெழுத்துல ஒரு நம்பர் இருக்கு. பக்கத்துல "ரீட்டா, மெடிக்கல் சென்டர், நல்ல புள்ள" என்டு எழுதியிருக்கா. நம்பர் இன்னும் அதுதான், நான் கேட்டுப் பார்த்துட்டேன். எனக்கு எடுக்காட்டியும் அவங்களுக்கு எடு. வெளிநாட்டு நம்பர் என்டு முதல் தரம் எடுக்க மாட்டாங்க, விடாதே, திரும்ப எடு. உன்ட பேரச் சொன்னதும் பயந்திருவாங்க. அதால பேரச் சொல்லி நிப்பாட்டாதே, அதே மூச்சுல சொல்லு: நீங்க பதிஞ்சீங்க மிஸ்.

வாப்பா